ஆங்கில ரென்ஸ் (வினையின் காலம்) அட்டவணை பாடம், வசனம் மட்டும் வருகுதில்லை. எப்படிப் பயிற்சி செய்வது?

பரந்தன்_பெடியன்:

எல்லோருக்கும் வணக்கம். நான் மிதிவெடி அகற்றும் நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறேன், முகமாலைப் பக்கம். இவ்வளவு காலமும் களத்தில் நின்றால் சரி, எழுத்து வேலை எதுவும் இல்லை. இப்போது ரீம் லீடர் ஆக்கிவிட்டார்கள். பின்னேரம் வேலை முடிந்ததும் அன்றைய ரிப்போர்ட்டை ஆங்கிலத்தில் எழுதி ஒஃபிசுக்கு அனுப்ப வேண்டும். பெரிய கட்டுரை ஒன்றும் இல்லை. எத்தனை சதுர மீற்றர் முடிந்தது, என்ன கிடைத்தது, யார் லீவு, மழை பெய்ததா, இயந்திரம் ஏதும் பழுதா, இவ்வளவும்தான். ஏழெட்டு வசனம் வரும். அதை எழுதி முடிப்பதற்குள் பரந்தன் பஸ்ஸும் போய்விடுகிறது.

ஓ/எல் (சாதாரண தரப்) பரீட்சையில் ஆங்கிலத்துக்குச் சீ தரம்தான். ரியூசனில் பன்னிரண்டு ரென்சையும் அட்டவணை போட்டுப் பாடமாக்கினோம், இப்போது தட்டி எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கோ, வென்ட், கோன் எல்லாம் வரும். ஆனால் சொந்தமாக ஒரு வசனம் எழுத இருந்தால் கை நின்றுவிடும். போன கிழமை எழுதினதில் நாலு வசனத்தை அப்படியே போடுகிறேன், சிரிக்க வேண்டாம்.

வீ வேர் ஸ்டார்ட் த வேர்க் 6.30.
நோர்த் சைட் 40 ஸ்குவயர் மீற்றர் வீ கிளியர்.
வீ டிட் நொட் ஃபவுண்ட் எனி மைன்.
த கிரவுண்ட் வெட் பிகோஸ் யெஸ்டர்டே ரெய்ன்.

ஒஃபிசில் இருப்பவர் சிவப்பில் திருத்தி அனுப்புவார், ஏன் பிழை என்று சொல்ல அவருக்கு நேரம் இல்லை. நான் என்ன செய்வது? இலக்கணப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து திரும்பப் படிக்கவா? கிளிநொச்சியில் ஸ்போக்கன் கிளாஸ் ஒன்றுக்குப் போகவா? விடிய வெளிக்கிட்டால் பொழுதுபடத்தான் வீடு, ஞாயிறு மட்டும்தான் நேரம் இருக்கு. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கோ.

முறிகண்டி_கச்சான்:

மச்சான், இலக்கணத்தைத் தூக்கிப் போடு. சின்னப் பிள்ளை இலக்கணம் படித்துவிட்டா தமிழ் கதைக்குது? யூரியூப்பில் இங்கிலிஷ் படம் பார், கீழே எழுத்து ஓடும், அதை வாசி, காதில் விழ விழத் தானாக வரும். கிளாசுக்குக் காசு கட்டாதே. முப்பது நாளில் இங்கிலிஷ் என்று போர்ட் போட்டு, முதல் நாள் ஹவ் ஆர் யூ, கடைசி நாளும் ஹவ் ஆர் யூ. சேர்டிபிக்கற் மட்டும் நல்ல தடிப்பான பேப்பரில் தருவார்கள்.

வவுனியா_ரீச்சர்:

தம்பி கச்சான், கிளாஸ் விசயத்தில் நீங்கள் சொன்னதில் பாதி உண்மைதான். ஆனால் சின்னப் பிள்ளைக்கு நாள் முழுக்கக் காதில் தமிழ் விழுகிறது, வேறு வேலையும் இல்லை. களத்தில் நின்றுவிட்டு வருகிற ஆளுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு படம் பார்த்து எந்தக் காலத்தில் வசனம் வருவது? படம் பார்த்தால் கேட்டு விளங்கும். எழுதுவது வேறு வேலை.

பரந்தன் தம்பி, நான் பாடசாலையில் ஆங்கிலம் படிப்பித்து ஓய்வு பெற்றவள். உங்கட நாலு வசனத்தையும் பார்த்தவுடனேயே தெரிந்தது, உங்களுக்கு ரென்ஸ் பிரச்சினை இல்லை. அட்டவணையைத் திரும்பப் படித்தால் அட்டவணைதான் இன்னும் நல்லாகப் பாடமாகும். உங்களுக்கு உதைப்பது சொற்கள் நிற்கிற ஒழுங்கு. இரண்டாவது வசனத்தைப் பாருங்கோ, சொற்கள் ஆங்கிலம், வசனம் தமிழ். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. உங்கட தமிழ் வசனம் ஒழுங்காக இருக்கிறது, அதை எப்படித் திருப்புவது என்றுதான் ஒருவரும் காட்டித் தரவில்லை.

இப்படிச் செய்து பாருங்கோ. முதலில் தமிழில் எழுதுங்கோ: நாங்கள் / நேற்று / வடக்குப் பக்கத்தில் / 40 சதுர மீற்றரை / துப்புரவாக்கினோம். எழுவாய் 'நாங்கள்', அதை இருந்த இடத்திலேயே விடுங்கோ. மிச்சத்தைக் கடைசியிலிருந்து முன்னுக்கு வாசியுங்கோ: துப்புரவாக்கினோம், 40 சதுர மீற்றரை, வடக்குப் பக்கத்தில், நேற்று. இப்போது அதே வரிசையில் ஆங்கிலம் போடுங்கோ: வீ கிளியர்ட் 40 ஸ்குவயர் மீற்றர்ஸ் ஒன் த நோர்த் சைட் யெஸ்டர்டே. எழுவாய், வினை, செயப்படுபொருள், இடம், நேரம். யெஸ்டர்டேயைத் தூக்கி முன்னால் வைத்தாலும் பிழை இல்லை, ஆனால் வினை எழுவாயை விட்டுத் தூரப் போகக்கூடாது. எல்லா வசனத்துக்கும் இது பொருந்தும் என்று சொல்ல மாட்டேன், கேள்வி வசனம் வேறு கதை. ரிப்போர்ட் எழுதுவதற்கு இது தாராளமாகக் காணும்.

இந்தத் திருப்பம் முழு வசனத்துக்கு மட்டும் இல்லை, உள்ளே இருக்கிற சின்னத் துண்டுகளுக்கும் இதே கதைதான். தமிழில் உருபும் இடைச்சொல்லும் பின்னுக்கு ஒட்டும், ஆங்கிலத்தில் அது முன்னுக்கு வந்துவிடும். மரத்துக்குக் கீழே என்பது அண்டர் த ட்ரீ. மழை பெய்தபடியால் என்பதில் 'படியால்' கடைசி, ஆங்கிலத்தில் பிகோஸ் முதலில். அவர் வருவார் என்று சொன்னார் என்பதில் 'என்று' பின்னுக்கு நிற்கும், ஆங்கிலத்தில் தட் முன்னுக்கு வந்து நிற்கும். பெயரெச்சமும் இப்படித்தான். 'நேற்று மரத்துக்குக் கீழே நாங்கள் கண்டெடுத்த பொருள்' என்று தமிழில் பொருளைக் கடைசியில் சொல்கிறோம், ஆங்கிலத்தில் பொருள் முதலில் வந்துவிடும்: த ஐட்டம் வீ ஃபவுண்ட் அண்டர் த ட்ரீ யெஸ்டர்டே. பெயரடை மட்டும் இந்த ஆட்டத்துக்கு வராது. பழைய கம்பி, ஓல்ட் வயர், இரண்டிலும் முன்னுக்குத்தான்.

மூன்றாவது வசனம், டிட் நொட் ஃபவுண்ட். இதை மாகாணம் முழுக்க எழுதுகிறார்கள், என் கைப்பட எத்தனை கொப்பியில் திருத்தியிருப்பேன் என்று கணக்கில்லை. தமிழில் 'காணவில்லை' என்கிறோம், 'கண்டோம் இல்லை' என்று சொல்வதில்லை. 'காண' என்பதில் காலம் இல்லை. ஆங்கிலத்திலும் அப்படியே, காலத்தை டிட் சுமந்துகொண்டு போகிறது, பின்னால் வருகிற வினை வெறுங்கையோடு போகலாம். ஆகவே டிட் நொட் ஃபைண்ட். டிட் வந்த இடத்தில் வென்ட், ஃபவுண்ட், கேம் எதுவும் வராது.

முதல் வசனத்தில் வேர் ஏன் வந்தது? இறந்தகாலம் என்றால் வோஸ் அல்லது வேர் போட வேண்டும் என்று யாரோ உங்கட தலையில் ஏற்றிவிட்டார்கள். ஒரு வினைக்கு முன்னால் வோஸ், வேர் நிற்க வேண்டுமென்றால் அந்த வினை ஐஎன்ஜி போட்டு நிற்க வேண்டும், வீ வேர் வேர்க்கிங் என்பது போல. இல்லையென்றால் மூன்றாம் வடிவமாக நின்று 'பட்டது' என்ற கருத்தைத் தர வேண்டும், எ மைன் வோஸ் ஃபவுண்ட், ஒரு மிதிவெடி கண்டெடுக்கப்பட்டது. இரண்டும் இல்லையென்றால் வேருக்கு அங்கே இடமில்லை. வீ ஸ்டார்ட்டட் வேர்க் அட் 6.30. முடிந்தது.

நாலாவதில் நேரெதிர்க் குறை. வர வேண்டிய இடத்தில் வோஸ் வரவில்லை. நிலம் ஈரம் என்றால் தமிழில் அது முழு வசனம், வினை தேவையில்லை. ஆங்கிலத்தில் வினை இல்லாமல் வசனம் நிற்காது, த கிரவுண்ட் வோஸ் வெட். மழைக்கும் அப்படித்தான், எழுவாய் ஒன்று கட்டாயம் வேண்டும், ஒன்றும் இல்லாவிட்டால் இட் என்று ஒன்றைக் கொண்டுவந்து வைப்பார்கள்: பிகோஸ் இட் ரெய்ன்ட் யெஸ்டர்டே. அந்த இட் யார், எவர் என்று கேட்காதேங்கோ, இடத்தைப் பிடித்து வைத்திருக்கிற ஆள்.

பயிற்சி பற்றிக் கொஞ்சம் பொறுத்து எழுதுகிறேன், கரண்ட் போய்ப் போய் வருகிறது.

முறிகண்டி_கச்சான்:

ரீச்சர் நீங்கள் சொன்ன கடைசியிலிருந்து வாசிக்கிறது நல்லாயிருக்கு, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒவ்வொரு வசனத்தையும் தமிழில் எழுதித் திருப்பிக்கொண்டிருந்தால் ஆள் எப்ப வேகமாக எழுதுவது? நேரே ஆங்கிலத்தில் யோசிக்கப் பழக வேண்டும் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள்.

அறிவியல்நகர்_அக்கா:

கச்சான், ஆங்கிலத்தில் யோசி என்று சொல்வது லேசு. யோசிக்க அங்கே ஏதாவது இருக்க வேண்டுமே.

நான் இங்கே கிளிநொச்சியில் பொறியியல் பீடத்தில் படிக்கிறேன். ஏ/எல் (உயர்தரம்) வரைக்கும் தமிழ் மூலம், கம்பஸுக்குள் கால் வைத்த நாளிலிருந்து விரிவுரை, பரீட்சை, லேப் ரிப்போர்ட் எல்லாமே ஆங்கிலம். ஏ/எல்லில் பொதுஆங்கிலம் என்று ஒரு பேப்பர் இருந்தது, கம்பஸ் அனுமதிக்குப் பார்க்கிற இசற் புள்ளிக்குச் சேராது என்றபடியால் ஒருத்தரும் அதைக் கணக்கெடுக்கவில்லை, அதன் பலனை இங்கே வந்துதான் எல்லாரும் அனுபவித்தோம். முதல் செமஸ்டர் முழுக்க நானும் ரீச்சர் சொன்ன மாதிரித் திருப்பித் திருப்பித்தான் எழுதினேன். பேந்து ஒரு கட்டத்தில் திருப்புகிற வேலை தானாகக் குறைந்துவிட்டது, ஏனென்றால் லேப் ரிப்போர்ட்டில் வருகிற வசனங்கள் திரும்பத் திரும்ப அதே வசனங்கள்தான். த வோல்டேஜ் வோஸ் மெஷர்ட், த சாம்பிள் வோஸ் ஹீட்டட், இப்படி.

பரந்தன் தம்பிக்கும் அதுதான் வாய்ப்பு. உங்கட ரிப்போர்ட்டில் வருகிற வசன வகை மிஞ்சி மிஞ்சிப் போனால் பதினைந்து இருக்கும். சிவப்பில் திருத்தி வந்தவற்றை எறியாதேங்கோ. சரியான வசனத்தை ஒரு கொப்பியில் எழுதி, மாறுகிற சொல்லுக்குக் கீழே கோடு போட்டு, அதற்குக் கீழே வரக்கூடிய மற்றச் சொற்களை நிரலாக எழுதுங்கோ. வீ கிளியர்ட் என்ற இடத்தில் வீ மார்க்ட், வீ செக்ட். 40 ஸ்குவயர் மீற்றர்ஸ் என்ற இடத்தில் த லேன், த ஏரியா. ஒன் த நோர்த் சைட் என்ற இடத்தில் நியர் த பண்ட் (மண் அணை), பிஹைண்ட் த ஸ்கூல். குறுக்கே எந்தச் சொல்லோடு எந்தச் சொல்லைச் சேர்த்து வாசித்தாலும் ஒரு வசனம் வர வேண்டும். பஸ்ஸில் இருந்து வாய்க்குள் சொல்லிக்கொண்டு போகலாம், பக்கத்தில் இருக்கிறவர் ஒரு மாதிரிப் பார்ப்பார், பரவாயில்லை.

இன்னொன்று, எங்கட பட்ச்சில் சிங்களப் பெடியள் கனபேர். அவர்களுக்குத் தமிழ் வராது, எங்களுக்குச் சிங்களம் வராது, ஆகவே ஆங்கிலத்தில் கதைத்தே ஆக வேண்டும். சிங்களத்திலும் வினை கடைசியில்தான். அவர்கள் விடுகிற பிழையும் நாங்கள் விடுகிற பிழையும் கிட்டத்தட்ட ஒன்றுதான், அதனால் ஒருத்தர் கதைப்பது மற்றவருக்கு நல்லாக விளங்கும். விரிவுரையாளருக்குத்தான் விளங்காது.

ஏஐ பற்றி யாராவது கேட்பீர்கள், நானே சொல்லிவிடுகிறேன். அதைக் கொண்டு ரிப்போர்ட்டை எழுதுவித்தால் வேலை முடியும், ஆனால் வருசம் முழுக்க அதைத்தான் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். முகமாலையில் சிக்னல் போனால் என்ன செய்வது? முதலில் நீங்களே எழுதுங்கோ, பிழை எது, ஏன் பிழை என்று தமிழில் சொல் என்று கேளுங்கோ, திருத்தின வசனத்தைப் பார்க்காமல் திரும்ப எழுதுங்கோ. பார்த்து எழுதினால் அது கொப்பியடிப்பதுதான். வேலை இடத்து விவரம், இடப்பெயர், என்ன கிடைத்தது என்பதையெல்லாம் அதற்குள் போடக்கூடாது என்று உங்கட நிறுவனத்தில் சட்டம் இருக்கலாம், கேட்டுவிட்டுச் செய்யுங்கோ. ஊர்ப்பெயரை மாற்றிப் போட்டாலும் இலக்கணம் அதேதான்.

வவுனியா_ரீச்சர்:

பிள்ளை சொன்ன நிரல் போடுகிற முறை நல்ல பழைய முறை, நாங்களும் அதைத்தான் கரும்பலகையில் போட்டுப் படிப்பித்தோம். இப்போது அதைப் பழைய பாஷன் என்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை.

பயிற்சிக்கு வருகிறேன். எங்கட நாட்டில் ஒரு வசதி இருக்கிறது, ஒருவரும் அதைப் பயன்படுத்துவதில்லை. ஒரே விசயம் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சாகிக் கிடக்கும். வளிமண்டலவியல் திணைக்களத்தின் வானிலை அறிக்கை நாளாந்தம் வருகிறது, மூன்று மொழியிலும். வட மாகாணத்தின் பல இடங்களில் மழை பெய்யும் என்று தமிழில் இருக்கும், ஆங்கிலத்தில் ஷவர்ஸ் வில் ஒக்கர் அட் செவரல் ப்ளேசஸ் இன் த நோர்தேர்ன் ப்ரொவின்ஸ் என்ற மாதிரி இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கோ, வட மாகாணத்தின் என்று தமிழில் முதலில் வந்தது ஆங்கிலத்தில் எங்கே போய் நிற்கிறது என்று. அந்த அறிக்கையில் நாளுக்கு நாள் மாறுவது மாகாணமும் நேரமும் மழையின் அளவும்தான், வசனக் கட்டு மாறாது. உங்கட வேலைக்கும் மழை விசயம் வேண்டும்தானே.

அதைவிடப் பெரிய புதையல் பாடநூல்கள். கல்வி வெளியீட்டுத் திணைக்களம் தரம் 6இலிருந்து 11 வரை விஞ்ஞானம், கணிதம் போன்ற பாடங்களுக்குத் தமிழ் மூலப் புத்தகமும் ஆங்கில மூலப் புத்தகமும் வெளியிடுகிறது. பாடமும் படமும் ஒன்றுதான், மொழி மட்டும் வேறு. இணையத்தில் இலவசம். தரம் 6 விஞ்ஞானத்தில் தொடங்குங்கோ, உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த விசயம் என்றபடியால் மூளை முழுக்க வசனத்தில் நிற்கும். ஆங்கிலப் பாடப் புத்தகத்தின் பயிற்சி நூலும் அதே இடத்தில் கிடைக்கும், அதுவும் நல்லது, ஆனால் முதலில் இது.

செய்கிற முறை இதுதான். ஆங்கிலப் புத்தகத்தில் ஐந்தாறு வசனம் உள்ள ஒரு பந்தியை எடுங்கோ. அதைத் தமிழில் எழுதுங்கோ. புத்தகத்தை மூடிவிட்டு ஒரு நாள் விடுங்கோ. மறுநாள் நீங்கள் எழுதின தமிழை மட்டும் பார்த்து ஆங்கிலத்தில் திரும்ப எழுதுங்கோ. அப்புறம் புத்தகத்தைத் திறந்து ஒப்பிட்டுப் பாருங்கோ. எங்கே வித்தியாசம் வருகிறதோ அதுதான் உங்கட இலக்கணப் பாடம், ஒரு ரியூசன் சேரும் வந்து சொல்லத் தேவையில்லை. இது நான் கண்டுபிடித்ததில்லை. இங்கிலாந்தில் முதலாம் எலிசபெத் அரசிக்குச் சிறுவயதில் கிரேக்கமும் லத்தீனும் படிப்பித்த ரோஜர் அஸ்கம் என்ற ஆசிரியர் இந்த முறையைத்தான் வற்புறுத்தினார், அவர் எழுதின நூல் அவர் இறந்த பிறகு 1570இல் வெளிவந்தது. அரசிக்குச் சரிவந்தது பரந்தனுக்கும் சரிவரும்.

ஒப்பிடும்போது எ (a), த (the) இரண்டையும் கட்டாயம் கவனியுங்கோ. அவைதான் எங்களுக்குக் கடைசி வரைக்கும் தொல்லை கொடுப்பவை. 'ஒரு மிதிவெடி கிடைத்தது, அந்த மிதிவெடியை அன்றைக்கே அழித்தோம்' என்று கதை சொல்வீர்கள்தானே, அதில் 'ஒரு' வருகிற இடத்தில் எ, 'அந்த' வருகிற இடத்தில் த. தமிழில் நாங்கள் இரண்டையும் விட்டுவிட்டும் கதைக்கலாம், ஆங்கிலத்தில் ஏதாவது ஒன்று பெரும்பாலும் வந்தே ஆக வேண்டும். எழுதி முடித்த பிறகு பெயர்ச்சொல் ஒவ்வொன்றுக்கும் முன்னால் விரலை வைத்து, புதிதாக வந்ததா, ஏற்கெனவே சொன்னதா என்று கேட்டுக்கொண்டு போங்கோ.

கச்சான் தம்பி, வேகம் பற்றிக் கேட்டீர்கள். பிள்ளை பதில் சொல்லிவிட்டா. ஒரே வசனத்தை நாற்பதாம் தரம் எழுதுகிறவர் திருப்பிக்கொண்டிருக்க மாட்டார்.

பரந்தன்_பெடியன்:

ரீச்சர், அக்கா, இரண்டு பேருக்கும் பெரிய நன்றி. கச்சானுக்கும்தான். இன்றைக்கு ரிப்போர்ட்டைத் தமிழில் எழுதிவிட்டுத் திருப்பினேன். இடத்தை மாற்றிப் போடுகிறேன், பாருங்கோ.

வீ ஸ்டார்ட்டட் வேர்க் அட் 6.30.
வீ கிளியர்ட் 35 ஸ்குவயர் மீற்றர்ஸ் நியர் த ஓல்ட் பண்ட்.
வன் மைன் வோஸ் ஃபவுண்ட் அண்டர் பல்மைரா ட்ரீ.
வீ டிட் நொட் வேர்க் ஆஃப்டர் 11 பிகோஸ் இட் ரெய்ன்ட் ஹெவிலி.
டூ மெம்பர்ஸ் ஹாவ் நொட் கம் டுடே.

கடைசி வசனத்துக்கு ஹாவ் போடுவதா டிட் போடுவதா என்று தெரியாமல் கனநேரம் இருந்தேன்.

வவுனியா_ரீச்சர்:

மூன்றாவதில் அண்டர் எ பல்மைரா ட்ரீ. மரத்தைப் பற்றி முதல் முதலாகச் சொல்கிறீர்கள்தானே. 1, 2, 4 சரி, நாலாவது மிகவும் சரி.

ஐந்தாவது நல்ல கேள்வி. காலை ஏழு மணிக்கு ஒஃபிசுக்குப் போன் எடுத்து இரண்டு பேர் இன்னும் வரவில்லை என்று சொல்வதென்றால் ஹாவ் நொட் கம் சரி, அவர்கள் இனியும் வரலாம், விசயம் முடியவில்லை. பின்னேரம் எழுதுகிற ரிப்போர்ட்டில் நாள் முடிந்துவிட்டது, இனி வர மாட்டார்கள், ஆகவே டிட் நொட் கம். அதைவிட டூ மெம்பர்ஸ் வேர் அப்சென்ட் என்றால் சுருக்கம். யெஸ்டர்டே, லாஸ்ட் வீக் மாதிரி முடிந்த நேரம் ஒன்றைச் சொன்னால் ஹாவ் பக்கமே போகாதேங்கோ.

முறிகண்டி_கச்சான்:

ரீச்சர், அந்த விஞ்ஞானப் புத்தகம் எங்கே எடுப்பது? மருமகள் தரம் 8, அவளுக்கும் ஆகும், எனக்கும் ஆகும், வெளியில் சொல்லாதேங்கோ.

அறிவியல்நகர்_அக்கா:

திணைக்களத்தின் பெயரைத் தேடினால் தளம் வரும். மொழி, தரம், பாடம் தெரிவு செய்யக் கேட்கும், முதலில் தமிழில் ஒரு தரம் எடுத்துவிட்டுத் திரும்பப் போய் ஆங்கிலத்தில் எடுங்கோ. அத்தியாயம் அத்தியாயமாக இறக்கலாம், முழுப் புத்தகத்தையும் ஒரேயடியாக இறக்கி டேட்டாவை முடிக்காதேங்கோ.